காய்ச்சலுக்கும் ஊர் உண்டு

“காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி பத்துப் பதினைஞ்சு நாள்ல எங்கெங்க போனீங்கம்மா? ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனீங்களா?”

ஒன்பது நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்த என் பெரியம்மாவிடம் இப்படிக் கேட்டவர் சென்னையில் பணியாற்றும் ஒரு தொற்றுநோய் சிறப்பு மருத்துவர். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அதற்கு முன்பு பெரியம்மா மூன்று இடங்களில் படுத்து எழுந்துவிட்டார். ஊர் மருந்துக் கடையில் கலந்து கொடுத்த மாத்திரை, பக்கத்து டவுனில் இரண்டு ஊசி, ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் குளுக்கோஸ். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ‘வைடால்’ பரிசோதனையில் டைபாய்டு என்று வந்தது. அதற்காக ஏற்றிய விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் மருந்து நான்கு நாள் ஆகியும் காய்ச்சலை ஒரு டிகிரிகூட இறக்கவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. மூச்சு வாங்கத் தொடங்கியதும் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

பெரியம்மாவின் ஊர் கூரம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கைகூப்பும் ஊர். காஞ்சிபுரத்துக்கு அருகில் ஏரியும் நெல்வயலும் தென்னையும் கொண்ட சிற்றூர். பெரியம்மாவிடம் நான்கு ஆடுகள். மழை விட்ட பிறகு ஏரிக்கரைச் சரிவில் புதர் மண்டிக் கிடக்கும். அதில் புகுந்து தழை ஒடித்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு இருக்கும் ஒரே சொந்த வருமானம் அந்த ஆடுகள்தான்.

“ஆமாம்மா, தெனம் போவேன். ஏரிக்கரை மேல” என்றார் பெரியம்மா. அந்த மருத்துவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, செவிலியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உடல் முழுக்கப் பார்த்தார். அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு மடிப்பு. அந்த இடுப்பு மடிப்பில் இருந்தது, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. அதனால் பெரியம்மாவுக்கே அது தெரியாது. முந்தைய மூன்று இடங்களிலும் யாரும் சேலையை விலக்கிப் பார்த்திருக்கவில்லை.

நோய், ஸ்க்ரப் டைபஸ். நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. புதரிலும் புல்லிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம், கண்ணுக்கு எளிதில் படாத அளவில், துணி இறுகும் இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. அதன் வழியே ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வதால், டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் ஏற்றுகிற விலை உயர்ந்த செஃபலோஸ்போரின் ஊசிகள் இதைத் தொடுவதே இல்லை. தொடுவது டாக்சிசைக்ளின். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். முதல் வேளை கொடுத்து இரண்டாம் நாள் மாலை பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் ரசம் சோறு கேட்டார்.

சில ரூபாய் மாத்திரைக்கும் என் பெரியம்மாவுக்கும் நடுவே ஒன்பது நாளும் எண்பதாயிரம் ரூபாய்க் கடனும் நின்றன. அங்கே இல்லாமல் போனது ஒரு கேள்வி மட்டும்தான்: “எங்கே போனீர்கள்?” அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவர்களைப் பற்றியும், அவர்கள் ஏன் கூரத்துக்கு அருகில் இல்லை என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கேட்பதே வேலை

இதய மருத்துவருக்கு இதயம் உண்டு, சிறுநீரக மருத்துவருக்குச் சிறுநீரகம் உண்டு. தொற்றுநோய் சிறப்பு மருத்துவருக்கு என்று உடலில் தனி உறுப்பு கிடையாது. மூளைக் காய்ச்சலுக்கும் கூப்பிடுவார்கள், மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சீழ் பிடித்தாலும் கூப்பிடுவார்கள். புற்றுநோய் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி இழந்தவருக்கும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கும், எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கும் அவர் வேண்டும். படிப்பும் நீளம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதன் மேல் டி.எம். மூன்று ஆண்டு. இடையில் நுழைவுத் தேர்வுகளுக்குப் போகும் காலத்தையும் சேர்த்தால், பள்ளி முடித்த பிள்ளை இந்தத் துறையில் தனித்து நிற்க முப்பது வயது தாண்டிவிடும்.

இத்தனை படித்த பின்னும் அவருடைய முதல் கருவி வாய்தான். என்ன வேலை செய்கிறீர்கள்? குடிதண்ணீர் எங்கிருந்து? வீட்டில் மாடு, ஆடு, நாய் உண்டா? காய்ச்சாத பால் குடித்தீர்களா? வயலில் வெறுங்காலோடு நடவுக்கு இறங்கினீர்களா? வீட்டில் வேறு யாருக்கு இருமல்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோய் நிற்கிறது. எலிகளின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் வெட்டுக்காயத்தோடு இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கன்று போட்ட மாட்டுக்கு உதவியவருக்கும், பச்சைப்பால் குடித்தவருக்கும் புருசெல்லோசிஸ் வரலாம். வீட்டு மொட்டைமாடியில் மூடாத தண்ணீர்த்தொட்டி என்றால் டெங்கு. இத்தனைக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான், காய்ச்சல்.

அந்த இளம் மருத்துவரோடு பெரியம்மாவின் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்த இரண்டு மாலைகளில் எனக்கு விளங்கியது இது. காய்ச்சலுக்கு ஊர் உண்டு, பருவம் உண்டு, தொழில் உண்டு. அவர் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். “பரிசோதனை முடிவு வர்றதுக்குள்ள பாதி நோயை நோயாளியே சொல்லிடுவாங்க. நாமதான் உட்கார்ந்து கேக்கணும்” என்றார். அவர் பெரியம்மாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டில் புதிதாகச் சேர்த்தது ஒன்று, நிறுத்தியது மூன்று. இந்தத் துறையில் மருந்தை நிறுத்துவதும் சிகிச்சைதான். கிருமி எது என்று தெரிய, முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன்பே ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். மருந்துக் கடையில் ஒரு வேளை, டவுனில் ஒரு ஊசி என்று போட்டுக்கொண்டு வருபவரின் ரத்தத்தில் கிருமி வளராது. அப்புறம் எல்லாமே ஊகம்.

மருத்துவமனைகள் இந்தத் துறையை ஏன் வளர்க்கவில்லை என்பதை நான் ஓரளவு புரிந்துகொள்கிறேன். இவர் ஸ்டென்ட் வைப்பதில்லை, குழாய் விட்டுப் பார்ப்பதில்லை, அறுவை அரங்கை நிரப்புவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், மூன்று மருந்தை அடித்துவிடுவார். வருமானக் கணக்கில் அதற்கு இடம் இல்லை. அதனால் நாட்டில் டி.எம். இடங்கள் பிற உயர்சிறப்புத் துறைகளோடு ஒப்பிட்டால் சொற்பம். படித்து வருபவர்களும் பெருநகரப் பெரிய மருத்துவமனைகளில்தான் நிலைக்கிறார்கள். காய்ச்சலோ ஏரிக்கரையில் இருக்கிறது.

இந்த மண்ணில் நடந்தவை

தொற்றுநோய் மருத்துவம் நகரத்து மருத்துவமனைக்கே உரியது என்று நினைப்பது வரலாற்றுக்கு மாறானது. ராபர்ட் கோஹ் 1876இல் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுற்றை நிறுவியபோது அவர் வோல்ஸ்டைன் என்ற சிறிய ஊரின் மாவட்ட மருத்துவர். வீட்டின் ஒரு மூலைதான் ஆய்வகம். சுற்றுவட்டாரத்து ஆடுமாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அதுதான் அவரை அந்த ஆய்வுக்குத் தள்ளியது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. இந்தக் காஞ்சிபுரம் வட்டாரமே போதும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரசோழன் என்ற பெயரில் அங்கே இயங்கிய ஆதுலர்சாலைக்குப் பதினைந்து கட்டில்கள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று ஆள்வாரியாக ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஓர் ஊர்ப்புற மருத்துவமனைக்கு எத்தனை பேர், என்ன மருந்து, அதற்கு வருமானம் எங்கிருந்து என்பதைக் கல்லில் எழுதி வைத்த வட்டாரம் இது.

கூரத்துக்கே சொந்தமான சான்று அதைவிடப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி ஊரின் ஏரிக்கு நீர் கொண்டுவந்ததைச் சொல்கிறது. கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒரு பங்கு வைத்ததுபோலவே, அந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கும் ஒரு பங்கு நிலம் வைத்தார்கள். தண்ணீர் கொண்டுவருவதை ஓர் ஆளின் பொறுப்பாக்கி, அதற்குக் கூலியும் எழுதிவைத்த ஊரில், காய்ச்சலைக் கேட்டறிவது இன்று யாருடைய பொறுப்பு?

நம் காலத்துக்கு வருகிறேன். கூரம் நெடுங்காலம் இருந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். அந்த மாவட்டம் தொழுநோய்க்குப் பெயர் போனது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1940களில் அங்கே ராபர்ட் காக்ரேன் டாப்சோன் வகை மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். உலகம் முழுக்கப் பிறகு பரவிய சிகிச்சையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அதே வளாகத்தில் 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் வந்தது.

ஆனால் எனக்கு நெருக்கமானது, அதே 1955இல் மதுராந்தகம் பக்கத்துப் பொலம்பாக்கத்தில் தொடங்கிய பணி. பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ், காங்கோவில் நீண்ட காலம் பணியாற்றிய மருத்துவர். அவருடன் கிளேர் வெல்லு என்ற இளம் பெண் மருத்துவரும் வந்தார். தொழுநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மதிலுக்குள் அடைப்பதே அன்றைய வழக்கம். ஹெமரிக்ஸ் மதிலை விட்டுவிட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். சாலையோர மரத்தடியில் மேசை போட்டு, குறித்த நாளில், குறித்த நேரத்தில் வண்டி வந்து நிற்கும். மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, உணர்விழந்த தோலைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை, எல்லாம் அங்கேயே. நோயாளி மாத்திரை வாங்கிக்கொண்டு தன் வயலுக்குத் திரும்பிப் போனார். நோயைத் தேடி மருத்துவம் நடந்ததால் மறைந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வெல்லு பல பத்தாண்டுகள் இந்தியாவிலேயே தங்கி, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 2013இல் காலமானார். புளியமரத்தடியில் உட்கார்ந்து தோலைத் தொட்டுப் பார்த்த அந்த இருவரையும்தான் பெரியம்மாவின் இடுப்பு மடிப்பைப் பார்த்த மருத்துவரின் மூதாதையர் என்று நான் எண்ணுகிறேன்.

சென்னையில் அதே பத்தாண்டில் இன்னொன்று நடந்தது. 1956இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், நல்ல உணவோடும் ஓய்வோடும். மறு பிரிவு நெரிசலான தங்கள் வீடுகளில், போதிய உணவில்லாமல், அதே மாத்திரைகளோடு. 1959இல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு முக்கியக் காரணம். சென்னையின் ஏழைக் குடும்பங்கள் தந்த விடை அது.

பிறகு 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில். லட்சக்கணக்கான கிராமத்து மக்கள் கையை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை அதிலிருந்துதான் உலகுக்குத் தெரிந்தது. உலக மருத்துவ நூல்களில் ‘செங்கல்பட்டு’ என்ற பெயர் இன்றும் இருப்பது இந்த ஆய்வினால். அந்தக் கைகளை நீட்டியவர்களுக்கு நாம் இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ரத்தம்

தொற்றுநோய் மருத்துவத்தில் கேட்கத் துணியாத கேள்விகளும் உண்டு. 1980களின் நடுவில் எய்ட்ஸ் என்பது மேற்கத்திய நாடுகளின் நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்பதே பொதுப்பேச்சு. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதை ஆய்வேடாக எடுக்கச் சொன்னார். நிர்மலா சிற்றூரிலிருந்து வந்தவர். அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். பாதுகாப்பு உபகரணம் ஏதும் இல்லை. வைக்க வசதி இல்லாததால் ரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். சென்னையில் பரிசோதிக்க வழியில்லை என்பதால் 1986 தொடக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டியில் அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது அப்படித்தான்.

சுனிதி சாலமன் அத்தோடு நிற்கவில்லை. மருத்துவர்களே தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். 1993இல் தன் தந்தையின் நினைவாக ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்குத் தகுந்த வரன் பார்த்துத் திருமணம் செய்து வைத்தார். 2015 ஜூலை 28இல் அவர் மறைந்தார்; இரண்டாண்டு கழித்துப் பத்மஸ்ரீ வந்தது. ஆசிரியர், மாணவி இருவரில் நிர்மலாவின் பெயரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர், தன் சமையலறையில் நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றை வைத்துக் காத்திருக்கிறார். அதைவிடப் பெரிய பாடம் என்ன வேண்டும்?

ஜேக்கப் ஜான் செய்த இன்னொரு காரியத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் மருத்துவர்களிடம் அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொடுத்து வைத்தார்கள். குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைக் கண்டதும், மருத்துவர் அட்டையில் குறித்துத் தபாலில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வந்த அட்டைகளை வேலூரில் தொகுத்து, எந்த ஊரில் எது கூடுகிறது என்று பார்த்து, மாவட்ட சுகாதாரத் துறைக்குச் சொல்வார்கள். மருத்துவர்களுக்கும் ஒரு செய்தி மடல் திரும்பப் போகும். ‘நதி’ என்று ஒலிக்கும் பெயர்ச்சுருக்கம் கொண்ட அந்தத் திட்டத்தைப் பற்றி 1998இல் ‘லான்செட்’ இதழ் கட்டுரை வெளியிட்டது. கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில், கூரத்திலிருந்து சில மணி நேரத் தொலைவில், காய்ச்சலின் ஊரைக் கேட்டறியும் ஏற்பாடு நடந்திருக்கிறது. இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் கைப்பேசி. பெரியம்மா படுத்திருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்குத் தன் நோயாளி எந்த ஏரிக்கரையில் தழை ஒடித்தார் என்பது தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் சொல்வது

உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் படைவீரர்களை வீழ்த்திய நோய். பிறகு இங்கே மருத்துவர்களின் நினைவிலிருந்து நழுவிவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவர்கள், குளிர்மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர்களிடம் இதை மறுபடி கண்டெடுத்து எழுதினார்கள். இன்று ஐப்பசி தொடங்கித் தை மாசி வரை வட தமிழகத்துக் காய்ச்சல்களில் இதை மனதில் வைக்காத மருத்துவர் தவறு செய்கிறார் என்றே சொல்வேன். 2024 டிசம்பரில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை இதுபற்றி எச்சரிக்கை அனுப்பியபோது, பாதிப்பு கூடுதலாகத் தெரிந்த மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று.

முற்றிய நோய்க்கு எது நல்ல சிகிச்சை என்ற கேள்விக்கும் விடை நம் பக்கத்திலிருந்தே வந்தது. வேலூரின் தொற்றுநோய்ப் பேராசிரியர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவு. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்து அளந்தபோது, தனி மருந்துப் பிரிவுகளில் 100க்கு 47, 48 பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்த பிரிவில் 33 பேருக்கு. இறப்பில் மட்டும் தனித்துத் தெரியும் வேறுபாடு இல்லை. இரண்டுமே பழைய, மலிவான மருந்துகள். இந்த நோய் பெரிதும் தாக்குவது பெரியம்மாவைப் போல மண்ணிலும் புதரிலும் உழைப்பவர்களை. பணக்கார நாடுகள் தங்களுக்காகச் செய்துகொள்ளாத ஆய்வு இது. நாம்தான் செய்ய வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நோய் தெரியாமல் ஏற்றும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் நோயாளியை மட்டுமல்ல, ஊரையே பாதிக்கிறது. 2010இல் என்.டி.எம்.-1 என்ற, கிருமிகளைப் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவையாக்கும் மரபணுவைப் பற்றிய ஆய்வு வெளிவந்தபோது, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையில் எடுத்தவை. 2012இல் சென்னையில் கூடிய தொற்றுநோய் மருத்துவர்கள், அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில், ‘சென்னைப் பிரகடனம்’ என்ற திட்டத்தை முன்வைத்தார்கள். நடைமுறையில் சாத்தியமானதை மட்டும் கேட்போம் என்பது அவர்களின் அணுகுமுறை. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணைப்படி, குறிப்பிட்ட உயர்வகை ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடை, எழுதிய மருத்துவர் பெயரும் வாங்கிய நோயாளி பெயரும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 2016இல் மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு வந்தது. பெரியம்மா வீட்டு மாடத்தில் அந்தக் கோடு போட்ட அரை அட்டை ஒன்று கிடந்தது. சீட்டு ஏதும் இல்லாமல் கடையில் வாங்கியது. அவருக்கு அந்தக் கோட்டின் பொருளை யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டம் டெல்லியிலிருந்து கூரம் வரை வந்துவிட்டது, விளக்கம் வரவில்லை.

என்ன செய்யலாம்?

டி.எம். படித்த ஒருவரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்காரவைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு பேர் இல்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒருவர் என்று கேட்பது பேராசை ஆகாது. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு தொற்றுநோய் சிறப்பு மருத்துவர் இருந்து, உத்திரமேரூரிலும் வாலாஜாபாத்திலும் இருக்கும் அரசு மருத்துவர் ஐந்தாம் நாள் காய்ச்சலைக் கண்டதும் அவரைக் கைப்பேசியில் கூப்பிட முடிந்தால், பெரியம்மாவின் நோய் ஐந்தாம் நாளிலேயே பிடிபட்டிருக்கும். இந்தியாவிலேயே முதன்முதலில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது 1939இல் சென்னை மாகாணம். கிராமத்துச் சுகாதார ஆய்வாளர், செவிலியர் என்று வேர்விட்ட ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. உச்சியில் ஓர் ஆள் குறைகிறார்.

வழிமுறைகள் எளிமையாக இருந்தால் கிராமம் வரை போகும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பிலாத் திட்டம்’ அப்படிப்பட்டது. காசநோய் கண்டறிந்த உடனே, உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆய்வகம் வேண்டாம். செவிலியரே செய்யலாம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து வகுத்தது. காய்ச்சலுக்கும் அதுபோல ஒரு சீட்டு ஏன் கூடாது? தொழில் என்ன, தண்ணீர் எது, கால்நடை உண்டா, உடலில் கருப்பொருக்கு உண்டா என்று நான்கே கேள்வி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொண்டு வீட்டு வாசலுக்குப் போகிறது. அதே கால்கள் காய்ச்சலைக் கேட்டறியவும் போகலாம். டாக்சிசைக்ளின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஐப்பசிக்கு முன்பே போதிய அளவு இருக்க வேண்டும். பெண் நோயாளியின் உடலை முழுமையாகப் பார்க்க ஒரு திரையும் ஒரு பெண் செவிலியரும் வேண்டும். கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றும். ஆனால் அந்தத் திரை இல்லாததால்தான் மூன்று இடங்களில் பெரியம்மாவின் இடுப்பு மடிப்பை யாரும் பார்க்கவில்லை.

பெரியம்மா ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த மருத்துவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். விசாரித்தார். பிறகு, “அந்த ஏரிக்கரைக்கு வேற யாரெல்லாம் போவாங்க? அந்தத் தெருவுல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கான்னு கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். எந்த விதியும் அவரை அப்படி அழைக்கச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் இருப்பவர்கள் அவருடைய நோயாளிகளும் அல்ல.

நான் பெரியம்மாவை அழைத்துக் கேட்டேன். எதிர்வீட்டுப் பையனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனும் ஆட்டை ஓட்டிக்கொண்டு அதே கரைக்குத்தான் போவானாம். டவுனில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். “இரு, நானே போய்ப் பாக்கறேன்” என்று கைப்பேசியை அணைக்காமலே எதிர்வீட்டுக்கு நடந்தார். நாய் குரைத்தது. அந்தப் பையனின் அம்மாவிடம் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு பையனிடம் பேசும் குரல்: “சட்டையக் கழட்டுடா கண்ணு. கையத் தூக்கு. இந்தப் பக்கம் திரும்பு.”